அசைவு: இல்லை

தில்லைநாயகம் அந்தக் கேள்வியைப் பதினோரு வருடங்களாக மனத்துக்குள் வைத்திருந்தார். ஒரு திங்கட்கிழமை காலை, கையில் இருந்த தேநீர் ஆறுவதற்குள் கேட்டுவிட்டார்.

"அம்மா, தியானம் சொல்லிக்கொடுக்க எனக்கு எப்ப அனுமதி தருவீங்க?"

மெய்யம்மை தம்ளரைக் கீழே வைத்தார். அவருக்கு வயது நாற்பத்தாறு. கேட்டவருக்கு அறுபத்து மூன்று. இருந்தாலும் மெய்யம்மைதான் குரு, தில்லைநாயகம்தான் சீடர். அதில் இருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

ஏற்காட்டு மலையில், காப்பிச் செடிகளுக்கு நடுவே ஓட்டுக்கூரை போட்ட தியான இல்லம் அது. வாரத்தில் நான்கு நாட்கள் மெய்யம்மை அங்கே இருப்பார். வருகிறவர்களுக்குப் புத்தர் காட்டிய வழியில் உட்காரக் கற்றுக்கொடுப்பார். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் மலையிறங்கிச் சேலம் போவார். அங்கே அவர் மனநல சிகிச்சையாளர். மருந்து எழுதுவதில்லை. எதிரே உட்கார வைத்துப் பேசச் சொல்வார்.

"மேல இருந்தா பேசாதேங்கறீங்க, கீழ போனா பேசுங்கறீங்க. இதுல எதும்மா சரி?" என்று கேட்டவர்கள் உண்டு.

"பஸ் ரெண்டு பக்கமும் போகுது" என்பார் மெய்யம்மை.

தில்லைநாயகம் நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடங்கள் வேலை பார்த்தவர். வரப்புச் சண்டை எத்தனை பெரிதாக இருந்தாலும், அளந்து கல் நட்டுவிட்டுத்தான் திரும்புவார். தியான இல்லத்தில் மணி அடிப்பது அவர் பொறுப்பு. அதோடு, யாரும் சொல்லாமலே ஒரு பதிவேடும் போட்டு வைத்திருந்தார். பெயர், உட்கார்ந்த நேரம், அசைவு என்று மூன்று கட்டங்கள். நாற்பது பேர் உட்கார்ந்தால் நாற்பது பேருக்கும் எழுதுவார். மெய்யம்மை அந்தப் பதிவேட்டைப் பாராட்டியதும் இல்லை, நிறுத்தச் சொன்னதும் இல்லை.

"சொல்றேன் சார்" என்றார் மெய்யம்மை. "வாசல்ல யாரோ வந்திருக்காங்க. முதல்ல அவங்களைப் பார்ப்போம்."

வந்திருந்தது ஒரு கணவனும் மனைவியும். கணவன் பெயர் குழந்தைவேலு. மலைப்பாதையில் மினி பஸ் ஓட்டுகிறவன். மனைவி பூங்கொடி. அவள் பேசினாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நாலு மாசத்துக்கு முன்னால, எறக்கத்துல இவரு வண்டிக்குப் பிரேக் புடிக்கலைங்க. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். வண்டியில முப்பத்தோரு பேரு. இவரு மலைப்பக்கமா ஒடிச்சு, பாறையில உரசிக்கிட்டே போயி நிறுத்திப்புட்டாருங்க. ஒரு உசுருக்குச் சேதமில்லை. மாலை போட்டாங்க, பேப்பர்ல போட்டோ வந்துச்சு."

"அப்புறம்?" என்றார் மெய்யம்மை.

"அப்புறம் நல்லாத்தான் இருக்காருங்க. அதுதாங்க பயமா இருக்குது."

தில்லைநாயகம் நிமிர்ந்து பார்த்தார்.

"முந்தியெல்லாம் சட்டையில பட்டன் போயிருந்தா வீட்டையே ரெண்டாக்கிருவாரு. இப்பக் கிழிஞ்ச சட்டையக் குடுத்தாலும் போட்டுக்கறாரு. பொண்ணு வயசுக்கு வந்துச்சுங்க. எங்கண்ணன் தாய்மாமன் சீரைத் தூக்கிக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிறான். இவரு எந்திரிச்சு வாங்கன்னு சொல்லலை. எங்கண்ணன் மூஞ்சியத் தூக்கிக்கிட்டான். அதுக்கும் இவரு ஒண்ணும் சொல்லலை. கோவமே வர்றதில்லீங்க, அழுகை வர்றதில்லீங்க. எது சொன்னாலும் சரிங்குறாரு."

"உங்களுக்கு என்ன வேணும் பூங்கொடி?"

"எனக்கு எம்புருசன் வேணும்ங்க. சண்டை போடுற புருசன்."

குழந்தைவேலு சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சுவரில் ஒன்றும் இல்லை. தில்லைநாயகத்துக்கு ஏனோ அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு வருத்தம் இல்லை. கழுவித் துடைத்து வைத்த முகம்.

மெய்யம்மை அவனிடம் ஒரு மணி நேரம் தனியாகப் பேசினார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிப் பூங்கொடியை அனுப்பி வைத்தார். அவள் போனதும் தில்லைநாயகத்தைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நான் சேலம் போகணும். வர்ற வரைக்கும் இவர் உங்க பொறுப்பு. இருபது நிமிஷத்துக்கு மேல இவரை உட்கார விடாதீங்க. தொட்டு எழுப்புங்க. தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. தண்ணி ஊத்தட்டும், மண்ணைக் கொத்தட்டும், வெயில்ல நிக்கட்டும். மௌன விரதம் இவருக்குக் கிடையாது. பேச்சுக் கொடுத்துட்டே இருங்க."

"சரிங்கம்மா."

"இருபது நிமிஷம்."

"எழுதிக்கிட்டேன்."

"ஏன்னு கேட்கலையே?"

"நீங்க சொன்னா போதும்மா" என்றார் தில்லைநாயகம். அப்படிச் சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு.

மெய்யம்மை கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார். "காலையில கேட்டீங்களே, அதுக்கு வந்து பதில் சொல்றேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை கூடத்தில் நாற்பது பேர் உட்கார்ந்தார்கள். மலைக்குளிருக்கு எல்லோரும் இடுப்புக்குக் கீழே போர்வையைச் சுற்றிக்கொண்டார்கள். ஐந்து நிமிடத்தில் ஒருவர் இருமினார். பத்து நிமிடத்தில் ஒருவர் மூக்கைச் சொறிந்தார். ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு காலை மாற்றிப் போட்டார். தில்லைநாயகம் அதையும் குறித்துக்கொண்டார்.

குழந்தைவேலு அசையவில்லை.

இருபது நிமிடம் ஆயிற்று. தில்லைநாயகம் எழுந்து அவன் அருகில் போனார். தோளைத் தொடக் கையை நீட்டினார்.

கை பாதியில் நின்றது.

அப்படி ஒரு நிலையை அவர் பார்த்ததே இல்லை. முதுகு, தூக்குக்குண்டு நூல் விட்டுப் பார்த்த மாதிரி நேராக இருந்தது. இமை துடிக்கவில்லை. ஒரு ஈ அவன் கன்னத்தில் உட்கார்ந்து, நடந்து, பறந்து போயிற்று. இதைக் கலைக்கலாமா? கலைத்தால் பாவமில்லையா? அம்மா இவன் உட்கார்ந்து பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இருபது நிமிடம் என்று சொல்லியிருப்பாரா?

கையை இழுத்துக்கொண்டு தம் இடத்துக்குத் திரும்பினார்.

பதிவேட்டில் எழுதினார்: குழந்தைவேலு. ஒரு மணி பத்து நிமிடம். அசைவு: இல்லை.

புதன்கிழமை இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். அசைவு: இல்லை.

பதினோரு வருடப் பழக்கத்தில் தில்லைநாயகம் ஐம்பது நிமிடத்தைத் தாண்டியதில்லை. இந்த மனிதன் உட்காரத் தொடங்கி இரண்டாம் நாள்! கூடத்தில் இருந்தவர்களும் கவனித்துவிட்டார்கள். பேச அனுமதி இல்லாததால் ஒருவரை ஒருவர் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்கள். மதியம் யாரோ குழந்தைவேலுவின் இருக்கைக்கு முன்னால் ஒரு செம்பருத்திப் பூவை வைத்திருந்தார்கள். தில்லைநாயகம் யார் என்று விசாரிக்கவில்லை. முடிந்தால் அவரே ஒன்று வைத்திருப்பார்.

அன்று மாலை அவனை நடைபாதைக் கல்லில் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்தார். உண்மையில் அவர்தான் பேசினார்.

"நான் பதினோரு வருஷமாத் தேடறது உங்களுக்குத் தானா வந்திருக்கு தம்பி. உங்களுக்கே இது தெரியலை. திரும்பி வீட்டுக்குப் போனா என்ன இருக்கு? பட்டன் சண்டை, சீர் சண்டை. அதுல போய் விழுந்தா இது கரைஞ்சிடும். பேசாம இங்கேயே தங்கிடுங்க."

"சரிங்க."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"சரிங்க."

"வீட்ல நான் சொல்லிடட்டுமா?"

"சரிங்க."

வியாழக்கிழமை காலை தில்லைநாயகம் பூங்கொடிக்குப் போன் செய்தார். அவள் கணவன் மலையிலேயே தங்குவதாக முடிவெடுத்துவிட்டான் என்றும், இது எல்லோருக்கும் கிடைக்கும் பேறு இல்லை என்றும், அவள் அழக்கூடாது என்றும் நிதானமாகச் சொன்னார். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. போன் துண்டிக்கப்பட்ட சத்தம்தான் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மெய்யம்மை வந்து இறங்கினார். அவருக்கு முன்னால் பூங்கொடி இறங்கினாள். முதல் நாளே சேலத்துக்குப் போய் அவரைக் கண்டுபிடித்துவிட்டிருந்தாள்.

"ஏனுங்க பெரியவரே" என்றாள் வாசலிலேயே. "உங்களுக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குதா?"

தில்லைநாயகம் ஒரு அடி பின்வாங்கினார்.

"இருந்தா அவங்களைக் கொண்டாந்து இங்க உக்கார வைங்க. எம்புருசன் எதுக்குங்க உங்களுக்கு?"

"பூங்கொடி, அந்த மரத்தடியில கொஞ்சம் உட்காருங்க" என்றார் மெய்யம்மை. "சார், பதிவேடு."

தில்லைநாயகம் நீட்டினார். மெய்யம்மை நின்றபடியே மூன்று நாள் பக்கங்களையும் படித்தார். வியாழக்கிழமைக்கு எதிரே இரண்டு மணி ஐம்பது நிமிடம் என்று இருந்தது.

"நான் எவ்வளவு நேரம் சொன்னேன்?"

"இருபது நிமிஷம்மா."

"எத்தனை தடவை எழுப்பினீங்க?"

"எழுப்பலைம்மா. அந்த நிலையைக் கலைக்க எனக்கு மனசு வரலை. நீங்களே ஒரு தடவை பார்த்தா தெரியும். அவர் நம்மளையெல்லாம் தாண்டிப் போயிட்டார்."

மெய்யம்மை கோபப்படவில்லை. பதிவேட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். குழந்தைவேலுவை அழைத்து வரச் சொன்னார். அவன் வந்து நின்றான்.

"வேலு, இன்னிக்கே வீட்டுக்குப் போறீங்களா?"

"சரிங்க."

தில்லைநாயகத்தின் வாய் லேசாகத் திறந்தது.

"இல்ல, இங்கேயே இருந்துடறீங்களா?"

"சரிங்க."

"மொட்டை அடிச்சுக் காவி கட்டிக்கறீங்களா?"

"சரிங்க."

"அதோ, வாசல்ல இருக்கற அந்தக் கிணத்துல குதிக்கறீங்களா?"

"சரிங்க."

மரத்தடியில் பூங்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தில்லைநாயகத்துக்குப் பதிவேடு திடீரென்று கனத்தது.

"குதிக்க வேண்டாம்" என்றார் மெய்யம்மை. "உள்ள வாங்க. ஐம்பது நிமிஷம் பேசுவோம். இந்த சாரும் கூட இருக்கலாமா? வேண்டாம்னாலும் சொல்லலாம்."

"சரிங்க."

"அது எனக்குப் பதில் இல்லை. இந்தாங்க, இது அவர் நாற்காலி. அறைக்குள்ள போடணும்னா போடுங்க. வெளியில போடணும்னா வெளியில போடுங்க. எங்க போடறீங்களோ அங்க அவர் உட்காருவார்."

குழந்தைவேலு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நின்றான். வெகுநேரம் நின்றான். பிறகு அறைக்குள்ளே, வாசற்கதவை ஒட்டிய மூலையில் போட்டான். தனக்கு எவ்வளவு தூரத்தில் அவர் இருக்கலாம் என்று அவன் அளந்து வைத்தது போலிருந்தது. தில்லைநாயகம் அங்கே போய் உட்கார்ந்தார்.

மெய்யம்மையும் குழந்தைவேலுவும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தரையில் இல்லை, நாற்காலியில். போர்வை இல்லை.

"கால் எங்க இருக்கு வேலு?"

"இங்கதாங்க."

"ரெண்டு காலும் ஒரே மாதிரி இருக்கா? பாருங்க."

அவன் குனிந்து பார்த்தான். தில்லைநாயகமும் பார்த்தார்.

இடது கால் சும்மா கிடந்தது. வலது கால் அப்படி இல்லை. குதிகாலை ஊன்றி, முன்பாதம் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. விரல்கள் வெளுத்திருந்தன. ஆடுதசை முறுக்கிய கயிறு மாதிரி எழும்பி நின்றது.

"அந்தக் கால் என்ன பண்ணுது?"

குழந்தைவேலு அந்தக் காலையே உற்றுப் பார்த்தான்.

"மிதிக்குதுங்க."

"எதை?"

"பிரேக்கைங்க."

"பஸ் நின்னுடுச்சா வேலு?"

பஸ் நின்றதை ஊரே பார்த்திருந்தது. மாலை போட்டிருந்தது. பேப்பர் எழுதியிருந்தது. குழந்தைவேலு மெதுவாகத் தலையை ஆட்டினான்.

"இல்லீங்க. இன்னும் நிக்கலைங்க."

தில்லைநாயகத்தின் கையில் இருந்த பென்சில் மடியில் விழுந்தது.

"எங்க போயிட்டிருக்கு?"

"பள்ளத்தை ஒட்டிங்க."

"வண்டியில யார் யாரு?"

"முப்பத்தோரு பேருங்க."

"காலை எடுத்தா?"

"போயிருவாங்க. எல்லாரும் போயிருவாங்க."

மெய்யம்மை, பஸ் நின்று நான்கு மாதமாயிற்று என்று சொல்லவில்லை. காலை எடு என்றும் சொல்லவில்லை. தம் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலைத் தரையில் ஊன்றினார்.

"எடுக்க வேண்டாம். நானும் மிதிக்கிறேன். ரெண்டு பேருமா மிதிப்போம். இடது பக்கம் என்ன இருக்கு?"

"மலைங்க."

"வண்டி எதுல உரசுது?"

"பாறையிலைங்க. தகரம் கிழியுது."

"அப்புறம்?"

"கண்ணாடி உடையுது. ஒரு கிழவி என் பேரைச் சொல்லிக் கத்துது. என்னைப் பேரன் மொறை சொல்லி டிக்கெட் வாங்காம வர்ற கிழவிங்க."

"அப்புறம்?"

அவன் உதடு காய்ந்திருந்தது. "சத்தம் நின்னுருச்சுங்க."

"அப்புறம்?"

"கோழிங்க."

"கோழியா?"

"யாரோ கூடையில கொண்டாந்த கோழி. கதவு பேர்ந்து கெடந்துச்சுங்களா, அதுதான் மொதல்ல எறங்கி ஓடுச்சு."

"எங்க ஓடுச்சு?"

"ரோட்டுல. வந்த வழியில." குழந்தைவேலு நிமிர்ந்தான். அதைச் சொல்லும்போதுதான் அதைப் பார்க்கிறவன் மாதிரி இருந்தது அவன் முகம். "வண்டி நின்ன பொறவுதாங்க அது எறங்குச்சு. ஓடுற வண்டியில எறங்காதுங்களே!"

"ஆமா. இறங்காது."

அவன் குதிகால் நடுங்கத் தொடங்கியது.

முதலில் குதிகால். பிறகு முழங்கால். பிறகு தொடை, வயிறு, தோள் என்று ஏறியது. நாற்காலி தரையில் கடகடவென்று ஆடியது. பல் அடித்துக்கொண்டது. வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மனிதச் சத்தம் என்று அதைச் சொல்ல முடியாது.

தில்லைநாயகம் எழுந்துவிட்டார். "தம்பி, மூச்சைக் கவனிங்க! அசையாம..."

"நாயகம் சார்" என்றார் மெய்யம்மை, திரும்பாமலே. "உங்க மூச்சைக் கவனிங்க."

தில்லைநாயகம் உட்கார்ந்தார்.

குழந்தைவேலு நடுங்கினான். நடுங்கி நடுங்கி அழுதான். மெய்யம்மை அவனைத் தொடவில்லை, சமாதானம் சொல்லவில்லை, கண்ணைத் துடைத்துக்கொள்ளத் துணியை நீட்டவில்லை. காலை ஊன்றியபடி எதிரே இருந்தார். அவ்வப்போது, "இங்கதான் இருக்கேன் வேலு" என்றார். அவ்வளவுதான். அது எத்தனை நிமிடம் நடந்தது என்று பதிவேட்டில் இல்லை.

நடுக்கம் அடங்கியபோது அவன் சட்டை நனைந்திருந்தது. அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"அது என்ன மரம்ங்க?"

"சில்வர் ஓக்."

"மிளகுக்கொடி ஏத்தியிருக்காங்களே. நல்லாக் காய்ச்சிருக்குது."

"ஆமா."

பிறகு அவன் திரும்பி மூலையில் இருந்தவரைப் பார்த்தான். வந்த நாளிலிருந்து அன்றுதான் அவரைப் பார்த்தான் என்று சொல்ல வேண்டும்.

"ஏன் சார், மூணு நாளா இடுப்பு ஒடிஞ்சு போச்சு சார். ஒரு வார்த்தை கேக்கப்படாதா?"

தில்லைநாயகம் தடுமாறினார். "நீங்க ஒண்ணும் சொல்லலையே தம்பி..."

"சொல்ல முடிஞ்சா நான் ஏன் சார் இங்க வர்றேன்?"

சனிக்கிழமை முழுவதும் குழந்தைவேலு தூங்கினான். எழுந்து சாப்பிட்டான், மறுபடி தூங்கினான். மெய்யம்மை இரண்டு முறை போய்ப் பேசிவிட்டு வந்தார். பூங்கொடி சமையற்கட்டில் காய் நறுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் புறப்பட்டார்கள். பஸ் வர நேரமிருந்தது. வாசலில் குழந்தைவேலு பையைக் குடைந்துகொண்டிருந்தான்.

"ஏண்டி, துண்டை எங்க வெச்சே?"

"பையிலதான் இருக்குது."

"பையிலன்னா? எல்லாத்துக்கும் அடியில வெச்சா மனுசன் எப்படி எடுக்கறது? மலையில பனி கொட்டுது, துண்டைக் கொண்டுபோய் அடியில வெச்சிருக்கறா. ஒரு வேலைக்கு ஒரு கூறு கெடையாது."

"கேட்டீங்களாம்மா!" என்றாள் பூங்கொடி. சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லாக் கேளுங்க. இப்படித்தாங்க பதினாலு வருசம்!"

"வியாழக்கிழமை சேலத்துக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார் மெய்யம்மை. "அப்புறம் வாரா வாரம். இது ஒரு நாள் வேலை இல்லை. நடுவுல சில நாள் பழையபடி சுவரைப் பார்ப்பார். பயப்படாதீங்க, எனக்குப் போன் பண்ணுங்க."

"மறுபடி வண்டி ஓட்டுவாருங்களா?"

"அதை அவர்கிட்டயே கேளுங்க."

பூங்கொடி திரும்பிப் பார்த்தாள். குழந்தைவேலு துண்டை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு யோசித்தான்.

"தெரியலை" என்றான். "பாக்கலாம். உங்கண்ணன்கிட்ட மொதல்ல போகணும். சீர் கொண்டாந்தவனை நிக்க வெச்சிருக்கேன்."

பஸ் வந்தது. ஜன்னல் ஓரம் யார் உட்காருவது என்று இருவரும் வாதாடிக்கொண்டே ஏறினார்கள்.

பஸ் வளைவில் திரும்பி மறைகிற வரைக்கும் தில்லைநாயகம் வாசலில் நின்றார். பிறகு மெய்யம்மையின் அறைக்குப் போனார். பதிவேட்டை மேசைமேல் வைத்தார்.

"இந்தப் பொறுப்புல இருந்து நான் விலகிக்கறேன்மா."

"விலகினா மணி யார் அடிக்கறது? எனக்கு நேரம் பார்த்து அடிக்க வராது."

"நான் அந்த மனுஷனை வதைச்சிட்டேன்."

"ஆமா" என்றார் மெய்யம்மை.

ஆறுதல் வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் அந்த ஒரு சொல்தான் வந்தது. தில்லைநாயகம் அதை வாங்கிக்கொண்டு நின்றார்.

"முதல் நாளே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு ஏம்மா தெரியலை? மூணு நாள் பக்கத்துல இருந்தேன்."

"அவர் உட்கார்ந்திருந்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது?"

"எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

தில்லைநாயகம் யோசித்தார். அவர் பொய் சொல்லிப் பழகாதவர். "பொறாமையா இருந்தது."

"எதுல பொறாமை?"

"ஒரு ஈ வந்து கன்னத்துல நடந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. அப்படி இருக்கணும்னுதான் நான் இந்த மலைக்கு வந்தேன். எதுவும் என்னைத் தொடாம."

"எது தொடாம, சார்?"

தில்லைநாயகம் வாயைத் திறந்தார். மேசையைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

மெய்யம்மை எழுந்து, மூலையில் கதவோரம் கிடந்த நாற்காலியைத் தூக்கி வந்து தமக்கு எதிரே போட்டார்.

"அவசரம் இல்லை, நாயகம் சார். திங்கட்கிழமை நீங்க கேட்டதுக்குப் பதில் இதுல இருந்துதான் ஆரம்பிக்கணும். மத்தியானம் வரைக்கும் எனக்கு வேற வேலை இல்லை."